காருக்கென்று ஒரு கட்டு: செட்டிநாட்டில் பழைய கார்களை நடுவில் வைத்து வீடு கட்டும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள், பழைய கார்கள் வைத்திருந்தாலும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். ஹால், பூஜை அறை, படுக்கையறை எல்லாம் வரைந்து முடிந்ததும், மிச்சமிருக்கும் மூலையில் ஒரு கார் ஷெட். தினமும் ஓடுகிற ஒரு காருக்கு அது போதும். ஐம்பது அறுபது வயதான நாலைந்து கார்களுக்குப் போதாது. அவை மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருப்பவை. ஈரம், வெயில், கரையான், பெட்ரோல் ஆவி எல்லாம் நிற்கிற காரைத்தான் தின்னும்.

இதற்கான விடை இந்த ஊர் வீடுகளிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடு கட்டு கட்டாகப் போகும். வருகிறவர்களுக்கு முகப்பு, விசேஷத்துக்கு வளவு, பந்திக்கு இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்த வரிசையில் காருக்கும் தனியாக ஒரு கட்டு கொடுங்கள். நான் சொல்ல வருவது இதுதான். வீடு புது மோஸ்தரில் இருக்கட்டும், கண்ணாடியும் கான்கிரீட்டும் இருக்கட்டும். வரிசை மட்டும் பழைய வரிசையாக இருந்தால், பின்னால் வரும் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

படி 1: பிளான் போடும் முன் கார்களை அளந்து எழுதுங்கள்

இன்ஜினியரைப் பார்க்கப் போகும் முன் ஒரு நோட்டில் காருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நீளம், அகலம், உயரம், எடை, கதவு முழுதாகத் திறந்தால் பக்கவாட்டில் எவ்வளவு வெளியே வருகிறது, பானட் மேலே தூக்கினால் எவ்வளவு உயரம். பிரீமியர் பத்மினி 13 அடிக்குள் அடங்கிவிடும். அம்பாசடர் 14 அடிக்குக் கொஞ்சம் மேல். 1940, 50-களின் பெரிய அமெரிக்கக் கார்கள் 16-லிருந்து 18 அடி வரை போகும், அகலமும் ஆறு அடியைத் தாண்டும். ஒரு காருக்கு 11 அடி அகலம், 20 அடி நீளம் என்று ஒதுக்கினால் சுற்றி நடக்கவும், கதவைத் திறந்து உட்காரவும், துணி போட்டுத் துடைக்கவும் இடம் இருக்கும். இதைக் குறைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய கார் வைத்திருப்பதன் சந்தோஷமே அதைச் சுற்றி வந்து பார்ப்பதில்தான் இருக்கிறது.

அளவோடு இன்னும் நாலு விஷயம் எழுத வேண்டும். பேட்டரி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா? பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். தெரியாமல் சார்ஜரை மாற்றி மாட்டினால் பேட்டரி கெட்டுவிடும். பாடிக்குள் மரச்சட்டம் இருக்கிறதா? 1930-களின் கார்கள் பலவற்றில் தகட்டுக்கு உள்ளே மரம்தான். அப்புறம் ஆயில் எங்கே சொட்டுகிறது, பெட்ரோல் எங்கே கசிகிறது.

கடைசியாகப் பதிவு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வயது கடந்து, சேசிஸும் (அடிச்சட்டம்) பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்கும் சொந்த உபயோக வாகனத்தை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வீட்டு பிளானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், எந்தக் கார் வாராவாரம் வெளியே போகும், எது வருடத்தில் சில தடவை மட்டும் நகரும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். நகராத கார் உள்ளே, ஓடுகிற கார் வாசல் பக்கம்.

படி 2: தெருவுக்குத் தெரு போகும் மனையைத் தேடுங்கள்

செட்டிநாட்டு மனைகளின் பெரிய வரம் இது. முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில். பழைய வீடுகளில் வில்வண்டியும் தானிய மூட்டையும் பின்பக்கமாக வந்து போயின. உங்களுக்கு அதே அமைப்பு கிடைத்தால் கார் ஒரு தெருவில் நுழைந்து நேராக இன்னொரு தெருவில் வெளியேறலாம். ரிவர்ஸே வேண்டாம்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத, பின்கண்ணாடி சின்னதாக இருக்கிற காரை ஒரு தூணுக்கும் இன்னொரு காருக்கும் நடுவில் பின்னால் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பழைய கார்களில் விழும் கீறல்களில் பல சொந்த வீட்டுக்குள்ளேயே விழுந்தவை. அதனால் மனையின் ஒரு ஓரமாக, முன் தெருவிலிருந்து பின் தெருவரை 14 அடி அகலத்துக்கு நேர்ப்பாதை ஒன்றை முதலில் ஒதுக்குங்கள். கார்க்கட்டு அந்தப் பாதையை ஒட்டி வரட்டும், வீடு அதற்கு அடுத்த பக்கம். மனைக்கு ஒரே தெரு என்றால், முற்றத்தைக் கார் திரும்புகிற அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான காரை ஒரு மைதானத்தில் ஓட்டி வட்டம் போடச் சொல்லி, அந்த வட்டத்தை அளந்து வந்து பிளானில் வையுங்கள்.

அனுமதி வேலையையும் இப்போதே பாருங்கள். 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் பொருந்தும். சொந்தக் கார்களை வைத்திருப்பது வேறு, டிக்கெட் போட்டு ஆட்களை உள்ளே விடுவது வேறு. இரண்டாவது எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள்.

படி 3: மூன்று மட்டம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே தேங்கும். பழைய கார்பரேட்டரிலும் டேங்க் மூடியிலும் ஆவி வருவதை முழுதாகத் தடுக்க முடியாது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, சீக்கிரம் இளகும், விரிசல் விடும். எத்தனாலுக்குத் தாங்கும் குழாயாக எல்லாக் கார்களிலும் மாற்றிவிடுங்கள். மாற்றினாலும் கசிவு வரும் என்று நினைத்தே வீட்டைக் கட்டுங்கள்.

செட்டிநாட்டு வீடுகள் உயரமான அடித்தளத்தின் மேல் நிற்கும், படியேறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். அந்த உயரம் இங்கே நமக்கு உயிர்க்காப்பு. வீட்டுத் தரையைச் சாலையிலிருந்து மூன்றரை அடி உயர்த்துங்கள். கார்க்கட்டின் தரை சாலையிலிருந்து ஒன்றரை அடி. நடுவில் இருக்கும் முற்றம் கார்த்தரையை விட அரையடி தாழ்வு. கார் நிற்கும் இடத்திலிருந்து ஆவி வீட்டுக்குள் வர வேண்டுமானால் இரண்டு அடி மேலே ஏறியாக வேண்டும், அது ஏறாது. திறந்த முற்றத்தில் காற்றோடு கலைந்துவிடும்.

கார்த்தரை ஏன் சாலை மட்டத்திலேயே இருக்கக் கூடாது? நம் ஊரில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். இருபது வருடத்தில் சாலை உங்கள் வாசலை விட உயர்ந்து, ஐப்பசி மழை நேராகக் கார்க்கட்டுக்குள் இறங்கும். ஒன்றரை அடி இருந்தால் தாங்கும். அந்த ஒன்றரை அடிக்கு ஏறும் சாய்தளம் குறைந்தது 15 அடி நீளம் இருக்கட்டும், முழுவதும் உங்கள் மனைக்குள் இருக்கட்டும். சாய்வு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மடக்காமல் மெதுவாக வளைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீளமான காரின் சைலன்சர் உரசும்.

கார்க்கட்டில் தரைக்குக் கீழே குழி வெட்டவே வேண்டாம். மெக்கானிக் இறங்கி வேலை பார்க்கும் அந்தக் குழிதான் ஆவி சேரும் கிணறு. அதற்குப் பதில் லிஃப்ட் போடுங்கள், அதற்கு 12 அடி உயரக் கூரை வேண்டும்.

படி 4: எங்கிருந்து பார்ப்பது, எங்கே தூங்குவது

காரோடு வாழ வேண்டும் என்றுதான் இவ்வளவும். அதனால் உட்காரும் இடத்திலிருந்து கார் தெரிய வேண்டும். வளவின் ஒரு பக்கம் பட்டாலை மாதிரி நீண்ட உட்காரும் கூடம், எதிர்ப்பக்கம் கார்க்கட்டு, நடுவில் முற்றம். காபி குடித்துக்கொண்டே முற்றத்தைத் தாண்டிப் பார்த்தால் நாலு காரின் முகப்பும் வரிசையாகத் தெரியும். வீட்டுக்குள்ளேயே கண்ணாடிச் சுவருக்கு மறுபுறம் காரை நிறுத்தும் அமைப்பு பத்திரிகைப் படத்தில் அழகாக இருக்கும். என் கருத்தில் நம் வெப்பத்துக்கும் பெட்ரோலுக்கும் முற்றமே மேல்.

கார்க்கட்டுக்கு மேல் படுக்கையறை கூடவே கூடாது. இன்ஜினை ஓடவிடும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கும் கார்க்கட்டுக்கும் பொதுச் சுவர் வந்துவிட்டால் அது கூரை வரை முழுச் சுவராக, இரண்டு மணி நேரம் தீ தாங்கும் கதவோடு இருக்கட்டும்.

விசேஷ நாளையும் இப்போதே யோசியுங்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால் இங்கே ஊரே வரும். கார்களைப் பின் தெருப் பக்கம் நகர்த்திவிட்டு அந்தக் கட்டை விருந்தினர் உட்காரும் இடமாக்கலாம். ஆனால் கோட்டை அடுப்பும் சமையலும் மனையின் மறுகோடியில்தான்.

படி 5: தரை

ஆத்தங்குடி ஓடு போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், கார் சக்கரத்துக்குக் கீழே மட்டும் வேண்டாம். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. மனிதக் கால்பட்டால் வருடத்துக்கு வருடம் மெருகேறும். ஆனால் சிமென்ட் என்பதால் எஞ்சின் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும், கறை போகாது. பேட்டரி ஆசிட் ஒரு சொட்டு விழுந்தால் மேல் நிறத்தையே அரித்துவிடும். ஜாக்கி ஒரு சின்னப் புள்ளியில் ஒரு டன் எடையை இறக்கினால் விரிசல் விடும்.

நான் பரிந்துரைப்பது கலப்புத் தரை. ஒவ்வொரு கார் நிற்கும் செவ்வகத்துக்கும், நுழையும் பாதைக்கும் சொரசொரப்பான கருங்கல் பலகை. கார்களுக்கு நடுவிலுள்ள நடைபாதையிலும், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலும் ஆத்தங்குடி. பார்வைக்கு ஒவ்வொரு காரும் கம்பளச் சட்டத்துக்குள் நிற்பது போல அமையும். வீட்டுக்குள்ளும் அதே வடிவ ஓட்டைத் தொடர்ந்தால் இரண்டு கட்டும் ஒரே வீடாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத அடி வேலைதான் இங்கே முக்கியம். கிராவலைத் தண்ணீர் விட்டு நன்றாகத் திமிசு போடுங்கள், அதன் மேல் கனமான பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் கம்பி போட்ட ஆறு அங்குலக் கான்கிரீட். கொத்தனார் அந்த விரிப்பை வேண்டாத செலவு என்பார். விடாதீர்கள். மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும், மேலே கார் நின்றால் அதன் அடிப்பாகம்தான் அதை வாங்கிக்கொள்ளும். தரை நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வில் முற்றத்துப் பக்கம் வாட்டம் இருக்கட்டும். அங்கே ஓடும் வடிகாலில் ஆயிலைப் பிரித்து நிறுத்தும் தொட்டி ஒன்று வையுங்கள். அந்தத் தண்ணீர் ஊரணிக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ நேராகப் போகக் கூடாது.

படி 6: கூரை, சுவர், ஈரம்

துரு என்பது மின்வேதியியல். இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தண்ணீர்ப் படலம் இருந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். துருவை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருப்பது நமக்குப் பெருமை. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த நிறுவனத்துக்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்தத் துறைப் பாடத்தின் அடிப்படை நமக்கு இவ்வளவு போதும்: காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகம் எடுக்கும், தோல் சீட்டில் பூசணம் வரும். 40-க்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் மரமும் தோலும் வெடிக்கும். 45-லிருந்து 55-க்குள் வைத்திருப்பதுதான் குறி.

நம் வானிலை இதற்குப் பாதி உதவும். மழை இல்லாத மாதங்களில் காற்று ஓரளவு காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையோடு ஈரம் சேரும். ஆகவே கார்க்கட்டுக்கு இரண்டு நிலை வேண்டும். காய்ந்த மாதங்களில் எல்லாம் திறந்து காற்று ஓட வேண்டும், மழை மாதங்களில் முழுதாக அடைத்து, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஓட வேண்டும். திறக்க மட்டும் முடிகிற கட்டும் உதவாது, அடைக்க மட்டும் முடிகிற கட்டும் உதவாது. முற்றத்துப் பக்கம் ரப்பர் பட்டை வைத்து இறுக மூடும் மடிப்புக் கதவுகள், பக்கச் சுவரில் தரையை ஒட்டி மூடித் திறக்கும் வென்டிலேட்டர்கள், உச்சியில் வெப்பக் காற்று வெளியேறும் வழி. தரையை ஒட்டிய திறப்புகள்தான் பெட்ரோல் ஆவியையும் வெளியேற்றும், எனவே மழையில் அடைத்தாலும் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும்.

ஏசி போட்டுக் குளிர வைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்ந்து கிடக்கும் இரும்பை ஈரமான வெளிக்காற்றுக்குத் திறந்தால் அதன் மேல் தண்ணீர் பூக்கும். ஈரத்தைக் குறையுங்கள், குளிரை விட்டுவிடுங்கள்.

கூரைக்குத் தகரம் வேண்டாம். பகலில் அடுப்பாகக் காயும், விடியற்காலையில் அடிப்பக்கம் வேர்த்துக் கார் மேல் சொட்டும். கான்கிரீட் தளம், அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி, மேலே தட்டோடு. சுவருக்கு உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்க்கும் செட்டிநாட்டுப் பூச்சுக்குத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி வைத்துப் பிறகு விடும், பிளாஸ்டிக் பெயின்டால் அது முடியாது.

தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடிக் கடைகளில் பர்மாத் தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் கிடைக்கும். அவற்றைக் கார்க்கட்டின் பாரம் தாங்க வைக்காதீர்கள். பழைய பட்டாலைத் தூண்களின் இடைவெளி காருக்குப் போதாது, பழைய நிலையின் அகலத்தில் பானட்கூட நுழையாது. கார்க்கட்டுக்கு இரும்பு உத்திரமும் 10 அடி அகல வாசலும், மனிதர்கள் வரும் திண்ணைக்குத் தேக்குத் தூணும் நிலையும். வாங்கும்போது எந்த வீட்டிலிருந்து வந்தது, இடிந்த வீடா, நன்றாக நின்ற வீடா என்று கேளுங்கள். பங்காளிகள் சிதறிப்போனதால் நல்ல வீடுகள் தூண் தூணாகப் பிரிக்கப்படுவது எனக்கு வருத்தமான விஷயம். நாம் கொடுக்கும் காசு அதற்குக் காரணமாக வேண்டாம்.

படி 7: வெளிச்சம்

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று கட்டடப் புத்தகங்களில் இருக்கும். அது வடக்கே இருக்கிற ஊர்களுக்கு. காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அதனால் வடக்குத் திறப்புக்கும் தாழ்வாரம் வேண்டும். மேற்கில் திறப்பே வேண்டாம். கண்ணாடி வரும் இடமெல்லாம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம். இரவுக்கு வெதுவெதுப்பான நிறத்தில், பெயின்ட்டின் உண்மை நிறத்தைக் காட்டும் தரமான எல்ஈடி. விளக்கை நேர் மேலே வைக்காமல் இரண்டு கார்களுக்கு நடுவில் வைத்தால் உடம்பின் வளைவு அழகாகத் தெரியும்.

படி 8: நெருப்பும் மின்சாரமும்

ஸ்விட்ச், பிளக் எல்லாம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல். ஒவ்வொரு காருக்கும் தனி சார்ஜர் பிளக், பக்கத்தில் அந்தக் காரின் வோல்ட்டும் எர்த்தும் எழுதிய சின்னப் பலகை. நிற்கும் காரின் பேட்டரியைத் தனியே துண்டிக்கும் சுவிட்ச் காரிலேயே இருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அப்போது வென்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும்.

கேனில் பெட்ரோல் சேர்க்காதீர்கள். விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம் என்று 1934-ன் பெட்ரோலியச் சட்டம் சொல்கிறது. அந்த அளவையும் எட்ட வேண்டிய தேவை வீட்டில் இல்லை. வைக்கிற கொஞ்சமும் கார்க்கட்டுக்கு வெளியே, பூட்டிய இரும்பு அலமாரியில். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒவ்வொரு வாசலிலும் ஒன்று, இன்ஜினுக்கென்று கார்பன் டை ஆக்சைடு ஒன்று. எரியும் பெட்ரோல் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், வேலைக்கு வருகிறவர்களுக்கும்.

பூஜை அறையும் கேஸ் சிலிண்டரும் கார்க்கட்டை ஒட்டி வேண்டாம். ஆயுத பூஜைக்குக் கார்களைத் திறந்த முற்றத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே சந்தனம் வைத்துச் சூடம் காட்டுங்கள். கார்த்திகைக்கு அகல் வரிசை திண்ணையில் இருக்கட்டும், கார்வாசலில் வேண்டாம்.

படி 9: கழுவும் இடம், வேலை செய்யும் இடம்

பின் தெருப் பக்கம், கூரை போட்ட, மூன்று பக்கம் திறந்த இடமே போதும். பெயின்ட், வெல்டிங் எல்லாம் அங்கேதான். பழைய செட்டிநாட்டு வீடுகள் கூரை மழையை முற்றத்துக்கு இறக்கிச் சேர்த்த மாதிரி நீங்களும் ஒரு தொட்டி கட்டிவிடுங்கள். போர் தண்ணீரின் உப்பு குரோமில் வெள்ளைப் புள்ளி விடும், மழைத்தண்ணீர் விடாது.

படி 10: கரையான், எலி, பறவை

அடித்தளம் தோண்டும்போதே ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரப்படி கரையான் மருந்து அடிக்க வேண்டும். பிறகு அடிப்பது பாதி வேலைதான். மரச்சட்டம் உள்ள காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். தரையை ஒட்டிய திறப்புக்கெல்லாம் எலி நுழையாத துருப்பிடிக்காத கம்பிவலை, முற்றத்துக்கு மேலே பறவை வலை. புறா எச்சம் பெயின்ட்டை அரித்துவிடும். இரண்டு நாள் விட்டால் தழும்பு நிற்கும்.

குடிபோகும் முன்

தூண் எழும்பும் முன், சுண்ணாம்புக் கோட்டால் தரையில் சுவர், தூண், வாசல் எல்லாவற்றையும் வரையச் சொல்லி, உங்களிடம் உள்ள நீளமான காரை உள்ளே ஓட்டிப் பாருங்கள். கதவைத் திறந்து இறங்குங்கள். காகிதத்தில் சரியாக இருந்த தூண் இங்கேதான் வழியில் வந்து நிற்கும், இப்போது நகர்த்தச் செலவில்லை.

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு கார்களை உள்ளே கொண்டுவராதீர்கள். புதுக் கான்கிரீட்டும் புதுச் சுண்ணாம்பும் மாதக்கணக்கில் ஈரம் விடும். தை, மாசியில் வேலை முடிகிற மாதிரி திட்டமிட்டால் கோடை முழுக்கக் கட்டு காயும். ஈரப்பதமானியைத் தரையிலிருந்து ஓரடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று மாட்டி, காலையும் மாலையும் குறித்துவாருங்கள். இரண்டும் தொடர்ந்து 55-க்குக் கீழே நின்றபிறகு ஒரு அம்பாசடரையோ பத்மினியையோ முதலில் கொண்டுவாருங்கள், அவற்றுக்குப் பாகம் கிடைக்கும், தகடு போனாலும் டிங்கரிங்காரர் பார்த்துக்கொள்வார். அந்தக் கார் ஒரு ஐப்பசி மழையைத் தாண்டட்டும். சேசிஸுக்கு அடியில் டார்ச் அடித்துப் புதுத்துரு இல்லை என்று பார்த்தபிறகு, மரச்சட்டக் கார்களையும் பாகம் கிடைக்காத கார்களையும் உள்ளே விடுங்கள்.